ஐந்நூறு ரூபாய் மொய்

ஒன்றிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஷமாதான் முதலில் காட்டினாள்.

"மதியக்கா, இவங்க நம்ம பக்கத்துக்காரங்களாம். உங்களுக்குத் தெரியுமா?" என்று போனை நீட்டினாள். நாட்டின் பெரும் பணக்காரர்கள் என்று ஒரு பட்டியல். கடைசியிலிருந்து மேலே வந்தால் ஏழெட்டுப் பேருக்குள் ஒரு பெண்ணின் படம். இசைவாணி, பெங்களூரு. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம். சொத்து மதிப்பு பதினோராயிரம் கோடி ரூபாய்.

மதிவதனி அப்போதுதான் வெண்ணாற்றங்கரையில் ஒரு கல்வெர்ட்டுப் பாலத்தை அளந்துவிட்டு வந்திருந்தாள். அந்த அலுவலகத்தில் ஓவர்சியர் வேலை. புடவைத் தலைப்பெல்லாம் சிமெண்டுத் தூசி. போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரியாம என்ன? என் சித்தப்பா பொண்ணு."

ஷமா வாயைப் பிளந்தாள். கால் மணி நேரத்தில் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து "அப்படியா மேடம்?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு அவளை மேலும் கீழுமாக ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா பெண் அங்கே இருக்கிறாள், நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்கிற பார்வை. அந்தக் கேள்வியை மதிவதனி இருபத்தொன்பது வருஷமாகத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இருவரும் மேலப்பொன்னூரில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். மதிவதனி ஏழு மாதம் மூத்தவள். அவள் அப்பா முருகையன் அண்ணன். இசைவாணியின் அப்பா தியாகராசன் தம்பி. தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். முருகையன் பாடுபட்டு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் சொந்தமாக வாங்கினார். தம்பியைப் படிக்க வைத்து வாத்தியாராக்கினார். பெண்கள் இருவரும் உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், பிறகு அம்மாப்பேட்டைக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மதிவதனி ஆயிரத்து நூற்று இருபத்தொன்று. இசைவாணி ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு. இரண்டு பேருக்கும் சென்னையில் இன்ஜினியரிங் நிச்சயம் என்று ஊரே பேசிக்கொண்டது.

அந்த ஆனி மாதம் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போன முருகையனை விரியன் கடித்தது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மதிவதனிக்குக் கீழே இரண்டு தம்பிகள். வாத்தியார் சம்பளத்தில் ஒரு பெண்ணைத்தான் சென்னைக்கு அனுப்ப முடியும் என்று சித்தப்பா சொன்னார். சொல்லும்போது அழுதார். அவர் கெட்டவர் இல்லை. மதிவதனி பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்து, முடித்த கையோடு வேலைக்குப் போய், தம்பிகளைக் கரையேற்றினாள். யாரையாவது உட்கார்ந்து திட்ட முடிந்திருந்தால் அந்த எரிச்சல் எப்போதோ அடங்கியிருக்கும். திட்டுவதற்கு ஆளே இல்லை.

ஊரில் இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பேர். வரப்புக்காக வெட்டிக்கொள்ளும் ஆம்பளைகளுக்கு மட்டும்தான் அது வரும் என்று நினைக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஒரு பழைய எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பதினோராயிரம் கோடி என்றால் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அது வானத்து நட்சத்திரம் மாதிரி ஒரு வார்த்தை. அவளுக்குப் புரிகிற சாமான்களால் அதை அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு கல்வெர்ட்டுக்கு எட்டு லட்சம். அப்படியானால் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு கல்வெர்ட்டு. டெல்டா முழுக்க வாய்க்காலைத் தேடினாலும் அத்தனை பாலம் கட்ட இடம் கிடைக்காது. கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பம் ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் பதினோரு கோடி சிப்பம் நெல். சத்துணவு முட்டை ஐந்து ரூபாய் என்றால் இரண்டாயிரத்து இருநூறு கோடி முட்டை. நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி முந்நூற்று முப்பத்தாறு. வருஷத்துக்கு நூறு நாளும் ஒழுங்காக வேலை கிடைத்து, ஒரு பைசா செலவழிக்காமல் ஒருத்தி சேர்த்துக்கொண்டே போனால், இசைவாணியைப் பிடிக்க முப்பத்திரண்டு லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும்.

தன் சம்பளத்தையும் போட்டுப் பார்த்தாள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வருஷம் வந்தது. நூறு நாள் வேலைக்காரியைவிடச் சீக்கிரம்தான் என்று ஒரு நொடி திருப்திப்பட்டு, பிறகு அந்தத் திருப்தியை நினைத்து வெட்கப்பட்டாள்.

அவள் கணவன் இராஜாங்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். டூட்டி முடிந்து வந்தவன் தாளை எட்டிப் பார்த்தான்.

"ஒரு பஸ் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள்.

"நாப்பது லட்சம்னு டிப்போவுல பேசிக்குவாங்க."

"இருபத்தேழாயிரத்து ஐந்நூறு பஸ்."

"யம்மாடி! தமிழ்நாட்டுல ஓடுற அரசு பஸ்ஸெல்லாம் சேத்தாலும் அவ்வளவு இருக்காதே. அப்ப உன் தங்கச்சி நெனச்சா எனக்கு மொதலாளியா வந்துருவா." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "சோறு பொங்குது பாரு மதி. கணக்குப் போட்டா பசி அடங்குமா?"

அடங்கவில்லை. அடுத்த வாரம் அவள் தன் ஒன்றியத்தில் ஒரு வருஷம் நடக்கும் எல்லா வேலைகளையும் கூட்டினாள். சாலை, குடிநீர்த் தொட்டி, அங்கன்வாடி, எரிமேடை, தெருவிளக்கு என்று எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு கோடி. முப்பத்தெட்டு ஊராட்சிகளும் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கும் பணம் அது. இசைவாணியின் சொத்தில் ஐந்நூறு வருஷத்துக்கு ஓடும். தஞ்சாவூருக்கு நாயக்கர்கள் வருவதற்கு முன்பே செலவழிக்க ஆரம்பித்திருந்தாலும் இன்றைக்குத்தான் தீர்ந்திருக்கும். சாலையில் குழி விழுந்ததற்காகத் தன்னை வழிமறித்துச் சண்டை போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஐந்நூறு வருஷம் அவள் நினைவுக்கு வந்தது.

ஆனால் இதையெல்லாம்விட அவளை அரித்த விஷயம் வேறொன்று. அது யாருக்கும் தெரியாது.

மேலப்பொன்னூர்ப் பள்ளியில், அவர்கள் இருவரும் படித்த அதே பள்ளியில், பழைய கட்டடத்தின் கூரை பெயர்ந்து விழ ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வகுப்புகள் தகரக் கொட்டகையில் நடந்தன. புதுக் கட்டடத்துக்கு மதிவதனி மூன்று தடவை எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்பினாள். மூன்று தடவையும் நிதி இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைமையாசிரியை ஆனந்தவல்லி அவளிடம் கேட்டார்.

"மதிவதனி, உங்க தங்கச்சி ஒருத்தங்க பெங்களூருல பெரிய கம்பெனி நடத்துறாங்களாமே. போன் நம்பர் இருந்தாக் குடுங்களேன். நான் கேட்டுப் பாக்குறேன்."

"அவ நம்பர மாத்திட்டா டீச்சர். எங்கிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டாள் மதிவதனி.

நம்பர் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் பேசுகிறவள்தான். தான் மூன்று தடவை முட்டியும் திறக்காத கதவை இசைவாணி ஒரு போனில் திறந்துவிடுவாள் என்று நினைத்தபோதே வாய் அப்படிச் சொல்லிவிட்டது. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். நாளை வந்து வந்து இரண்டு ஐப்பசியும் போய்விட்டன.

பட்டியல் வெளிவந்து ஒரு மாதத்தில் ஆனந்தவல்லியே தேடிப்பிடித்து அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். கொட்டகையின் படத்தையும் சேர்த்து அனுப்பினார். பத்தே நாளில் பதில் வந்தது. கட்டடத்துக்கு ஒரு கோடி.

ஊர் கொண்டாடித் தீர்த்துவிட்டது. பஸ் ஸ்டாப்பிலிருந்து பெருமாள் கோயில் வரை பதினாறு பேனர். மண்ணின் மகளே, கல்விக் கொடை வள்ளலே! மதிவதனி பைக்கில் வரும்போது பதினாறையும் எண்ணினாள். அன்று வீட்டில் அவள் ஒரே ஒரு கணக்குத்தான் போட்டாள். பதினோராயிரம் கோடியில் ஒரு கோடி. தன்னிடம் இருப்பது வீடு, அப்பா நிலத்தில் தன் பங்கு, நகை, சேமிப்பு எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து லட்சம். அதில் பதினோராயிரத்தில் ஒரு பங்கு ஐந்நூறு ரூபாய்.

ஐந்நூறு ரூபாய்! தூரத்துச் சொந்தத்தில் கலியாணம் என்றால் அவள் வைக்கிற மொய். அதற்கு யாரும் பேனர் கட்டியதில்லை. மைக்கில் பேரைக்கூடச் சரியாக வாசிக்க மாட்டார்கள்.

ஆவணியில் இசைவாணியே பள்ளியைப் பார்க்க வந்தாள். வேலையை மேற்பார்வை பார்க்கப் போவது மதிவதனிதான் என்பதால் அவளும் தலைமையாசிரியை அறையில் இருந்தாக வேண்டியிருந்தது. இசைவாணி சாதாரணக் கைத்தறிப் புடவையில், ஒரு பொட்டுத் தோடோடு வந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. மதிவதனி அன்று பீரோவைத் திறந்து இரட்டை வடச் சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வெறுங்கழுத்தோடு நின்று பெரிய மனுஷியாகத் தெரிவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தாள். சங்கிலி உறுத்தியது.

"மதி! எப்படி இருக்கே? ராஜாங்கம் மாமா நல்லா இருக்காரா?" இசைவாணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கொட்டகையை நடந்து பார்த்தாள். பழைய கட்டடத்துக் கூரையில் கம்பி வெளியே தெரிந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏன் மதி, பள்ளிக்கூடம் இந்த நெலமையில இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? பொங்கலுக்குக்கூடப் பேசினோமே."

ஆனந்தவல்லி டம்ளரை மேஜையில் வைத்தார். மதிவதனி அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவர் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. காது மடல் சுட்டது. ஏதாவது பேசியாக வேண்டும், அந்தப் பார்வையை எப்படியாவது வேறு பக்கம் திருப்பியாக வேண்டும் என்ற அவசரத்தில் இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தது வெளியே வந்து விழுந்தது.

"சொல்லி என்ன ஆவப்போவுது? நீ குடுத்துருக்க ஒரு கோடி என்ன கணக்கு தெரியுமா? எங்கிட்ட இருக்குற சொத்துக்கு அது ஐந்நூறு ரூவா. நான் ஐந்நூறு ரூவா மொய் வெச்சா ஊருல பதினாறு பேனர் கட்டுவாங்களா? இந்த ஒன்றியத்தையே ஐந்நூறு வருஷம் நடத்தலாம் உன் காசுல. நீ மொய் எழுதிட்டு நிக்கிற."



இசைவாணி கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பள்ளியில் மனக்கணக்குப் போடும்போது செய்கிற மாதிரி உதட்டை அசைத்தாள்.

"உன் சொத்து அம்பத்தஞ்சு லட்சம்னு போட்டியா? ரோட்டோரத்து வீடு இல்ல அது? இன்னும் கூடவே போவும். அறுநூறுன்னு வெச்சுக்க."

மதிவதனிக்கு அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் தன் கணக்கில் அவள் திருத்தம் போடுகிறாள்.

"கணக்கு சரிதான் மதி. என் ஆடிட்டரும் இதையேதான் சொன்னாரு. பாதிக்கு மேல பங்குல இருக்கு, வித்தாத்தான் பணம்னு நான் சொன்னா நீ நம்ப மாட்ட. அது போகட்டும். எவ்வளவு குடுத்தா உனக்கு எரியாதுன்னு சொல்லு."

மதிவதனி வாயைத் திறந்தாள். இரண்டு கோடி? நூறு கோடி? எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தவள் இதை மட்டும் போட்டுப் பார்த்ததில்லை. நூறு கோடி கொடுத்தால் நூறு மடங்கு எரியும். ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் எரியும். அந்தத் தாளில் எழுத அவளிடம் தொகை எதுவும் இல்லை.

"பெரியப்பா இருந்திருந்தா..." என்று இசைவாணி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பாவ இழுக்காத" என்றாள் மதிவதனி. குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க, மேஜை மேல் கிடந்த வரைபடத்தை இழுத்தாள். இசைவாணியின் அறக்கட்டளை பெங்களூரில் ஒரு நிறுவனத்தை வைத்துப் போட்ட வரைபடம் அது. "கட்டடத்தப் பத்திப் பேசு. இது என்ன? நாலு ரூம்பு. முன்னாடி கண்ணாடி. வாசல்ல ஆர்ச்சு. ஆர்ச்சுக்கு மட்டும் பதினோரு லட்சம் போட்டுருக்காங்க. இந்த ஊரு வெயில்ல கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்தா பிள்ளைங்க வெந்துபோயிரும். இதே காசுல நான் ஆறு ரூம்பு, பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தனிக் கழிவறை, சுத்துச்சுவர் எல்லாம் தருவேன்."

"எழுதி அனுப்பு" என்றாள் இசைவாணி.

அவள் கார் போன பிறகு ஆனந்தவல்லி பள்ளி வாசலில் நின்றார்.

"நம்பர் இருந்துச்சு, இல்லிங்களா?"

"இருந்துச்சு டீச்சர்."

"ரெண்டு மழைக்காலம் மதிவதனி. போன ஐப்பசியில நாலாங் கிளாஸ் பிள்ளைங்க புத்தகப் பையத் தலையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க." சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அன்றிரவு இராஜாங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அவ மேல பொறாமைப்பட்ட, சரி. மனுஷ ஜென்மம்தானே. பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டான்.

அவள் அனுப்பிய எஸ்டிமேட்டை அறக்கட்டளை ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டது. வேலை தொடங்கியது. காண்ட்ராக்டர் இறக்கிய முதல் இரண்டு லோடு செங்கலை அவள் திருப்பி அனுப்பினாள். தண்ணீரில் ஊறப்போட்டு, தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றால் ஓரமாகப் போடச் சொன்னாள். கான்கிரீட் போட்ட அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலிலேயே நின்றாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து சுவருக்குத் தண்ணீர் விட்டார்களா என்று பார்த்தாள். செய்த பாவத்துக்குப் பரிகாரமா, அவள் காசில் நடந்தாலும் கட்டடம் என்னுடையது என்கிற வீம்பா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. "இந்தம்மா சொந்த வீட்டக்கூட இப்படிக் கட்டியிருக்க மாட்டாங்க" என்று கொத்தனார் சொன்னார். உண்மைதான், அவள் வீட்டு மாடியில் இரண்டு இடத்தில் ஒழுகியது.

சித்திரையில் திறப்பு விழா. இசைவாணி வந்து ரிப்பன் வெட்டினாள். மேடையில் நன்றி சொன்னவர் பந்தல்காரர், மைக் செட்காரர் இவர்களுக்குப் பிறகு "நமது பகுதிப் பொறியாளர் அம்மையார்" என்றார், பேரை விட்டுவிட்டார். மறுநாள் ஒரு பத்திரிகையில் செய்தி. ஆடம்பர ஆர்ச் வேண்டாம். அந்தப் பணத்தில் கூடுதல் வகுப்பறை: நன்கொடையாளரின் முன்யோசனைக்குப் பாராட்டு.

மதிவதனி அதை மூன்று தடவை படித்தாள். என் முன்யோசனை! அதையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். எடுத்துக்கொண்டது இசைவாணி இல்லை, நிருபர்தான் என்று தெரியும். இசைவாணி மேடையிலேயே "இது எங்கக்கா போட்ட பிளான்" என்று சொன்னதும் அவள் காதில் விழுந்ததுதான். அப்படியும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் ஷமா மறுபடியும் போனை நீட்டினாள். இசைவாணியின் நிறுவனப் பங்கு சரிந்து ஒரே வாரத்தில் அவள் சொத்தில் கால்பங்கு போய்விட்டதாம். மதிவதனியின் நெஞ்சுக்குள் ஏதோ தித்தித்தது. அதை மறைக்கக்கூட அவள் பாடுபடவில்லை. அலுவலக வேலையாகத் திருவையாறு போனவள், வரும் வழியில் அரை கிலோ அசோகா அல்வா வாங்கி வந்தாள்.

"என்ன விசேஷம்?" என்றான் இராஜாங்கம்.

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் நின்று இசைவாணிக்குப் போன் போட்டாள். துக்கம் விசாரிக்கிற குரலைத் தயார் பண்ணி வைத்திருந்தாள்.

"வாணி, நியூஸ் பாத்தேன்டி. மனசு கேக்கல. நீ எப்படி இருக்கே?"

"எந்த நியூஸ்?" இசைவாணி எதையோ மென்றுகொண்டிருந்தாள். "ஓ, ஷேரா? அது ஏறும் எறங்கும் மதி. நான் அதப் பாக்குறதே இல்ல. ஏர்போர்ட்ல நிக்கிறேன், இட்லி ஒரே கல்லு. நீ சொல்லு, அங்க மழை ஆரம்பிச்சிடுச்சா?"

ஆயிரக்கணக்கான கோடி போனது தெரியாமல் ஒருத்தி இட்லியைப் பற்றிக் குறை சொல்கிறாள். ரேஷனில் அரை கிலோ சர்க்கரை குறைந்தால் மதிவதனி கடை வாசல் வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாள். இழந்தால் வலிக்காத பணம் எப்படிப்பட்ட பணம்? இருக்கிறதற்குப் பட்ட பொறாமையை விட, போனது உறைக்கவில்லையே என்பதற்குப் பட்ட பொறாமை பெரிதாக இருந்தது. மழை இன்னும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தாள். உள்ளே இராஜாங்கம் அசோகாவில் பாதியைக் காலி பண்ணியிருந்தான்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. சம்பா நாற்று மூழ்கிக் கிடந்தது. ஊரெல்லாம் வடிகாலைப் பற்றியே பேச்சு. நான்காம் நாள் தூறலோடு மதிவதனி பள்ளிக்குப் போனாள். ஆறு அறைக்குள்ளும் நுழைந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, மூலைமூலையாகச் சுவரில் கையை வைத்துத் தடவினாள். எங்கும் ஈரம் இல்லை. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் அவளை வேடிக்கை பார்த்தார்கள்.

வெளியே வந்தபோது ஆனந்தவல்லி தன் அறை வாசலில் நின்றிருந்தார்.

"நனைஞ்சிட்டீங்க. உள்ள வந்து உக்காருங்க" என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர் அப்படிச் சொல்லி. ஆயாவிடம் இரண்டு டீ சொன்னார். கழிவறைத் தாழ்ப்பாள் ஒன்று கெட்டியாக இருப்பதாகவும், சின்னப் பிள்ளைகளால் திறக்க முடியவில்லை என்றும் சொன்னார். மதிவதனி குறித்துக்கொண்டாள்.

"அப்புறம், உங்க தங்கச்சி இருபது கம்ப்யூட்டர் அனுப்புறாங்களாம். காலையில போன் பண்ணாங்க."

மதிவதனிக்கு அடிவயிற்றில் அந்தப் பழைய சூடு கிளம்பியது. இருபது கம்ப்யூட்டர், ஒன்று நாற்பதாயிரம் என்றால்... அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"ஆறாவது ரூம்புல வைங்க டீச்சர், அதுதான் மேக்கால இருக்கு, சாரல் அடிக்காது" என்றாள். "ஒயரிங்க நான் பாத்துக்குறேன். இப்ப இருக்குற லைனு தாங்காது."